உறுப்பினர் கேள்வி பதில்: அந்த வீட்டில் யார் படுக்கிறார்கள்?

பூச்சி மருந்து அடிக்கிற நம் சங்கத்துக்கு இந்த மாதம் கடிதமாகவும் வாட்ஸ்அப்பிலும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐயா, 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள் அல்லவா? அதிலிருந்து போன் செய்கிற ஒவ்வொருவரும் "ஒன்றும் ஆகாதே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "நூறு சதவீதம் பாதுகாப்பானது" என்று சொல்லலாமா?
– உறுப்பினர், திண்டுக்கல்

சொல்லாதீர்கள். நாம் கொண்டு போவது மருந்து என்று பெயர் வைத்த விஷம். நூறு சதவீதம் பாதுகாப்பான விஷம் என்று ஒன்று கிடையாது. "நாங்கள் சொல்கிறபடி நடந்தால் ஆபத்து இல்லை. சொல்ல வேண்டியதை எழுதியே கொடுக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்து வைத்திருக்கிறது, அறையை மூடி ஏ.சி. போட்டுக்கொண்டு குடும்பம் உள்ளே தூங்கியிருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு 1994-ல் மதுரையில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. இதுவரை இந்தப் பகுதியில் அதை எழுதியதில்லை.

அப்போது எனக்கு 22 வயது. ஒருவரிடம் உதவியாளாக இருந்தேன். மாசி வீதிப் பக்கம் பழைய காரைக் கட்டிடம் ஒன்று. கீழே பலசரக்குக் கோடவுன், மேலே மரப்பலகைத் தளம், அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கீழே துவரையும் உளுந்துமாக அறுபது மூட்டை, எல்லாம் வண்டு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஓரத்தில் வைக்க மணல் பை போதவில்லை. முதலாளி கிடைத்த செங்கலை வைக்கச் சொன்னார், வைத்தேன். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் தார்ப்பாய் விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.

3 கிராம் மாத்திரை ஒன்று காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து 1 கிராம் பாஸ்பின் வாயு விடும். அது காற்றை விடச் சற்றுத்தான் கனம். தரையோடு படுத்துக் கிடக்காது, எந்த இடுக்கு கிடைத்தாலும் ஏறிவிடும். மேல் தளத்துப் பலகை இடுக்கில் பகலில் வெளிச்சமே தெரியும். மேலே ஒரு பாட்டி, மருமகள், நாலு வயதுப் பையன் மூன்று பேரும் இரவு முழுக்க வாந்தி. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். டாக்டர் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். சாம்பார் சாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு என்ன சொல்லத் தெரியும்? கீழே என்ன வைத்திருக்கிறோம் என்று நாங்கள்தான் அவர்களிடம் சொல்லவே இல்லையே.

இரவு இரண்டு மணிக்குக் கடைப்பையன் வந்து என்னை எழுப்பினான். முதலாளி வீட்டுக்குப் போனேன். "சாப்பாட்டில் ஏதாவது இருந்திருக்கும், நீ போய்ப் படு" என்றார். நான் படுக்கவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் மேஜையில் வைத்தேன். லேபிளைப் படித்ததும் அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. இதற்கு மாற்று மருந்து கிடையாது தம்பி என்றார். ஆக்சிஜன் வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, விடிய விடியப் பக்கத்திலேயே நின்றார். மூன்று பேரும் பிழைத்துவிட்டார்கள். நல்லவேளையாக அன்று காற்று இருந்தது, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அதே வீட்டில் ஏ.சி. போட்டு மூடிப் படுத்திருந்தால்?

அதனால்தான் சொல்கிறேன். வாடிக்கையாளர் எத்தனை சதுர அடி, எவ்வளவு காசு என்று பேசுவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த வீட்டில், மேலே, கீழே, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள்? கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், நாய், பூனை, மீன் தொட்டி, கூண்டுக்கிளி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாயு விடுகிற எந்த மருந்துக்கும் ஆள் படுக்கிற வீட்டில் இடமில்லை. வாடிக்கையாளர் கெஞ்சினாலும் இல்லை, இரண்டு மடங்கு கொடுத்தாலும் இல்லை.

வீட்டு எலிக்கு 0.005 சதவீத புரோமாடியோலோன் கட்டி இருக்கிறது. பூட்டுப் போட்ட பெட்டிக்குள், குழந்தை கை எட்டாத இடத்தில் வையுங்கள். தின்ற எலி மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் சாகும். ரத்தம் உறையாமல் போவதுதான் அதன் வேலை. தவறிப்போய் யாராவது வாயில் வைத்துவிட்டால் வைட்டமின் கே1 என்று மாற்று மருந்து உண்டு. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எத்தனை கட்டி வைத்தோம், எங்கே வைத்தோம், எத்தனை திரும்ப எடுத்தோம் என்று கணக்கும் வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு தாள் கொடுங்கள். மருந்தின் பெயர், அளவு, வைத்த இடம், எத்தனை மணிக்கு மேல் உள்ளே வரலாம், உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டியது இந்தத் தாள்தான் என்று ஒரு வரி. தமிழில், கொட்டை எழுத்தில். சங்க அலுவலகத்தில் மாதிரித் தாள் அச்சடித்து வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்று அந்தப் பாட்டி கையில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் டாக்டர் சாம்பார் சாதத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அண்ணாச்சி, நான் பி.ஏ. படித்தவன். பன்னிரண்டு வருடம் மருந்து அடித்த அனுபவம் இருக்கிறது. லைசென்ஸ் கேட்டால் படிப்பு போதாது என்கிறார்கள். அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? இந்தச் சட்டம் எதற்காக வந்தது?
– உறுப்பினர், தூத்துக்குடி

உங்கள் ஆதங்கம் புரிகிறது தம்பி. விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். வேளாண்மைப் பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம் வேண்டும். அதோடு குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ். மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், உத்தரப்பிரதேசத்து ஹாப்பூரில் தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத்தில் தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம், இந்த மூன்று இடங்களில் அந்தப் பயிற்சி நடக்கிறது. அந்தத் தகுதி உள்ளவர் பெயரில்தான் விண்ணப்பம் வேளாண்மைத் துறைக்குப் போக வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாதிரி ஃப்யூமிகேஷன் மருந்து, அதாவது வாயு விட்டுப் பூச்சியைக் கொல்கிற மருந்து தொட இது மட்டும் போதாது, ஒன்றிய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகர் அங்கீகாரமும் வேண்டும். 10, 20 மாத்திரை அடைத்த குழாய்களை 2001-லேயே தடை செய்துவிட்டார்கள். இன்னும் சில கடைகளில் சில்லறையாக இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று பொட்டலம் கட்டித் தருவது குற்றம். எங்கே பார்த்தாலும் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

சட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். 1958-ல் ஒரு கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சி மருந்தையும் கோதுமை மாவையும் ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். மருந்து கசிந்து மாவில் இறங்கிவிட்டது. அந்த மாவில் செய்த பண்டங்களைச் சாப்பிட்டுக் கேரளாவில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகு விசாரணை, குழு என்று நடந்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971-ல் விதிகள் வந்தன. நாம் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற லைசென்ஸ் தாளுக்குப் பின்னால் அந்த நூறு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் பன்னிரண்டு வருடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்த இடுக்கில் கரப்பான் இருக்கும் என்பது பட்டதாரிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தகுதியுள்ள ஒருவரைக் கூட்டாளியாகவோ சம்பளத்துக்கோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் நிஜமாகவே வேலைக்கு வர வேண்டும். மாதம் இவ்வளவு என்று சான்றிதழை வாடகைக்கு வாங்குகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விபத்து நடந்தால் ஊருக்கே வராத அந்த மனிதர் பதில் சொல்லப் போவதில்லை.

புது வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்கக் கொத்தனார் மூலம் வேலை வருகிறது. 1,000 சதுர அடிக்கு ஒரு டிரம் போதும், பால் மாதிரி வெள்ளையாக வந்தால் சரி என்கிறார் எஞ்சினியர். எவ்வளவு அடிப்பது சரி?
– உறுப்பினர், ராஜபாளையம்

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதை அப்படியே எஞ்சினியரிடம் காட்டுங்கள். கரையான் தடுப்புக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 6313-ன்படி, மண் நிரப்பித் திமிசு போட்ட பிறகு, தளம் போடுவதற்கு முன் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை ஊற்ற வேண்டும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக 465 லிட்டர். இது தரைக்கு மட்டும். அஸ்திவாரச் சுவரை ஒட்டி மண் நிரப்பும்போது சுவர்ப் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் தனி. 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

குளோர்பைரிபாஸ் 20 இ.சி. (20 சதவீத மருந்து உள்ள, தண்ணீரில் பால் மாதிரி கலக்கிற திரவம்) என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர். அப்போதுதான் 1 சதவீதம் வரும். 465 லிட்டருக்கு 23 லிட்டர் மருந்து வேண்டும். வெள்ளையாக வருவதற்கு 2 லிட்டரே போதும், வாசனையும் ஊரைத் தூக்கும். நிறமும் வாசனையும் கரையானைக் கொல்லாது. இமிடாக்ளோபிரிட் என்ற இன்னொரு கரையான் மருந்து 30.5 எஸ்.சி. (30.5 சதவீத மருந்து உள்ள திரவம்) என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. அதே தரைக்குச் சுமார் ஒரு லிட்டர் மருந்துதான் ஆகும், வாசனை வராது. வாசனை இல்லையே, தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள் என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுவார். அவர் கண் முன்னால் சீல் உடைத்து, அளந்து ஊற்றிக் காட்டுங்கள்.

போன வருடம் ஒரு வீட்டில் கதவு நிலையை விரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. பெயிண்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. கட்டி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசில் கட்டிய வீடு என்று அந்த அம்மா சொன்னார். தரையும் சுவரும் சேருகிற இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு மறுபடி மருந்து ஏற்றினோம். முதலிலேயே ஒழுங்காக அடித்திருந்தால் அந்தச் செலவு அவருக்கு வந்திருக்காது.

குளோர்பைரிபாஸை உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கையில் இருக்கும் சரக்கை என்ன செய்வது?
– சிவகாசி, தேனி உறுப்பினர்கள் சிலர்

2025 மே மாதம் ஜெனீவாவில் நடந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக் (எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிக்க நாடுகள் போட்ட ஒப்பந்தம்) கூட்டத்தில் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது உண்மை. சில உபயோகங்களுக்குக் காலக்கெடுவோடு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே சேர்த்தவுடன் இங்கே சட்டம் மாறிவிடாது, ஒன்றிய அரசு தனியாக அறிவிக்கை போட வேண்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது அல்லவா? ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் மூன்றும் கரையானுக்கு ராஜா மாதிரி இருந்தவை, 1996-ல் போயின. நம் தொழில் போகவில்லை. மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், ஆட்களை இப்போதே வேறு மருந்துக்குப் பழக்குங்கள்.

ஒரு மனை முழுக்க அருகம்புல்லும் கோரையும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? பக்கத்தில் அவர்களுடைய தென்னந்தோப்பிலும் அடிக்க வேண்டுமாம்.
– உறுப்பினர், தேனி

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு போட்ட அறிவிக்கைப்படி, கிளைபோசேட்டைப் பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர், அதாவது நம்மைப் போன்றவர்கள் மூலமாக மட்டுமே உபயோகிக்க வேண்டும். அதை எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும், நம்மை நம்பித்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வெற்று மனையில் லைசென்ஸோடு, காற்று இல்லாத காலை வேளையில், பக்கத்துக் கிணற்றைப் பார்த்து அடியுங்கள். தோப்பு வேண்டாம். லேபிளில் தேயிலைத் தோட்டமும் பயிர் இல்லாத இடமும்தான் இருக்கிறது. லேபிளில் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது.

நம் வேலைக்கு ஜி.எஸ்.டி. எத்தனை சதவீதம்? குறியீடு என்ன?
– உறுப்பினர், விருதுநகர்

18 சதவீதம், குறியீடு 998531. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். பில்லில் மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

எலிக்கு அந்தப் பழைய பேஸ்ட் கேட்டு ஒரு ஹோட்டல்காரர் விடாமல் நச்சரிக்கிறார். ஒட்டுகிற அட்டையாவது வைக்கச் சொல்கிறார்.
– உறுப்பினர், மதுரை

3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு 2023-ல் தடை செய்தது. இதற்காக எத்தனையோ டாக்டர்கள் போராடினார்கள். அதைச் சாப்பிட்டவருக்கு முதல் நாள் வாந்தி இருக்கும். அப்புறம் தெளிந்துவிடும், வீட்டில் எல்லோரும் பிழைத்துக்கொண்டான் என்று நினைப்பார்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள் கண் மஞ்சளாகும், கல்லீரல் போய்விடும். மாற்று மருந்தும் கிடையாது. பரீட்சையில் தோற்ற பிள்ளையும் புருஷனோடு சண்டை போட்ட பெண்ணும் ஒரு நிமிடக் கோபத்தில் கையில் எடுத்தது அந்தக் குழாயைத்தான். யார் கடையில் மிச்சம் இருந்தாலும் விற்க விடாதீர்கள்.

ஒட்டு அட்டை வேண்டாம் என்று விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, பல மாநிலங்கள் சுற்றறிக்கையும் விட்டிருக்கின்றன. எலி ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் கத்திக்கொண்டே சாவதை ஒருமுறை பார்த்தவர் மறுபடி வைக்க மாட்டார். ஹோட்டல்காரரிடம் சாக்கடை மூடிக்கு வலை, பின்கதவுக்கு அடித்தகடு, இரவில் மாவுப் பாத்திரத்துக்கு மூடி, இந்த மூன்றையும் முதலில் செய்யச் சொல்லுங்கள்.

ஜூன் 6 உலகப் பூச்சி மேலாண்மை தினத்துக்குச் சங்கத்தில் ஏதாவது ஏற்பாடு உண்டா?
– உறுப்பினர், சிவகங்கை

2017-ல் பெய்ஜிங்கில் தொடங்கி வருடாவருடம் கொண்டாடுகிறார்கள். பேனரும் பொன்னாடையும் இந்தத் தடவை வேண்டாம் என்பது என் யோசனை. ஒவ்வொரு உறுப்பினரும் பக்கத்தில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலு காலி டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போங்கள். லேபிளில் உள்ள வண்ணத்தைக் காட்டுங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அதற்கு அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், அப்புறம் பச்சை. பச்சையும் விஷம்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த எதையும் குடிக்கக்கூடாது என்று பிள்ளைகளை மூன்று தடவை சொல்ல வையுங்கள்.

ஐயா, நான் உறுப்பினர் இல்லை. எங்க வீட்டுக்காரர் மருந்து அடிக்கிற வேலைக்குப் போகிறார். சட்டையில் மருந்து வாடை அடிக்கிறது. அதோடுதான் சின்னவளைத் தூக்குகிறார். சாயங்காலம் தலைவலி, கை நடுக்கம் என்கிறார். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டுமா? முதலாளியிடம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

தங்கச்சி, துணியைக் கண்டிப்பாகத் தனியாகத் துவையுங்கள். பிள்ளைகள் துணியோடு ஊற வைக்காதீர்கள். கையில் உறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, வெயிலில் காயப் போடுங்கள். அலசிய தண்ணீரைக் கோழியும் ஆடும் குடிக்கிற இடத்தில் கொட்ட வேண்டாம். அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு, அப்புறம் குழந்தையைத் தொடட்டும்.

தலைவலியும் நடுக்கமும் அலைச்சலால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே ஏறினால் அப்படி வரும். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "பூச்சி மருந்து அடிக்கிறார், ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இந்த மாதிரி மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் குறைகிற பொருள் அது. அந்தச் சொல் வாயில் நுழையாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் மருந்து டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையுறை, மாஸ்க், பூட்ஸ், மேலங்கி, வேலை முடிந்ததும் கழுவத் தண்ணீரும் சோப்பும், மருத்துவப் பரிசோதனை, இவ்வளவையும் ஆள் வைத்திருக்கிறவர்தான் கொடுக்க வேண்டும். 1971 விதிகளிலேயே அது இருக்கிறது. யாரும் போடுகிற பிச்சை இல்லை. உங்கள் கடிதத்தில் முதலாளி பெயர் இருக்கிறது, அவர் நம் சங்கத்து உறுப்பினர்தான். உங்கள் பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ சொல்லாமல், ஆய்வு என்று சொல்லி இந்த வாரம் அவருடைய கிடங்குக்கு நானும் செயலாளரும் போகிறோம். எத்தனை ஆள், எத்தனை கையுறை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறோம். டாக்டர் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைச் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். அந்த நாட்களின் கூலியைப் பற்றி அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.